நோயாளிகளைத் தேடி நடந்தவர்

முகவாதத்தால் வாய் ஒருபுறம் கோணிப்போனவர்கள் மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லும்போது அங்கே ஒரு சிறிய மின்பெட்டியைப் பார்த்திருப்பார்கள். ஈரத் துணி சுற்றிய மின்முனையைச் சிகிச்சையாளர் கன்னத்தின் ஒரு புள்ளியில் வைப்பார். நோயாளி எவ்வளவு முயன்றும் அசையாத தசை, அப்போது தானாகத் துடிக்கும். அந்தப் பெட்டியின் ஒரு திருகில் ஃபாரடிக் மின்னோட்டம் என்று குறித்திருக்கும்.

அந்தச் சொல் மின்தூண்டலைக் கண்டறிந்த மைக்கேல் ஃபாரடேயின் பெயரிலிருந்து வந்தது. அதை மருத்துவத்துக்குச் சூட்டியவரும், ஈர மின்முனையைத் தோலின்மீது வைக்கும் அந்த முறையை ஒழுங்குபட வகுத்தவரும் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் கியோம் டூஷேன். ஆண்குழந்தைகளை முடக்கும் கொடிய தசைச் சிதைவு நோய்க்கு இவருடைய பெயரே நிலைத்துவிட்டதால், உலகெங்கும் பல்லாயிரம் பெற்றோர் இப்பெயரைக் கண்ணீரோடு அறிவார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த மனிதரை அறிந்தவர்கள் குறைவு.

வட பிரான்ஸின் புலோன் துறைமுகத்தில் 1806 செப்டம்பர் 17 அன்று கடலோடிகள் குடும்பத்தில் டூஷேன் பிறந்தார். தந்தை நெப்போலியன் காலத்துக் கப்பல் தலைவர். மகனும் கடலுக்கே செல்ல வேண்டும் என்று விரும்பினார். மகனோ பாரிஸ் சென்று மருத்துவம் பயின்றார். அவர் பட்டம் பெற்ற 1831-ஆம் ஆண்டில்தான் லண்டனில் ஃபாரடே மின்தூண்டலைக் கண்டறிந்தார். ஒருவரையொருவர் அறியாத அந்த இருவரின் உழைப்பும் பிற்காலத்தில் ஒன்றுசேர்ந்தது.

சொந்த ஊருக்குத் திரும்பித் தொழில் தொடங்கிய இளம் மருத்துவரின் இல்வாழ்க்கை இரண்டே ஆண்டுகளில் சிதைந்தது. 1833-இல் மகனைப் பெற்றெடுத்த மனைவி சில நாள்களில் பேறுகாலக் காய்ச்சலால் இறந்தார். பிரசவத்தின்போது கணவர் மட்டுமே உடனிருந்தார் என்ற பேச்சை மனைவி வீட்டார் ஊரில் பரப்பினார்கள். நோயாளிகளின் வரவு குறைந்தது. குழந்தையைப் பாட்டி எடுத்துச் சென்று வளர்த்தார். தந்தைக்கும் மகனுக்கும் பல்லாண்டுகள் தொடர்பே இல்லாமல் போயிற்று. இரண்டாவது திருமணமும் நிலைக்கவில்லை.

அந்தத் தனிமையில்தான் மின்சாரம் அவரைப் பற்றிக்கொண்டது. அக்காலத்தில் ஊசிகளைத் தசைக்குள் செலுத்தி அவற்றின் வழியே மின்னோட்டம் பாய்ச்சும் வழக்கம் இருந்தது. வலி மிகுந்த அந்த முறையில் திசுக்கள் புண்ணாவதும் உண்டு. 1835 முதல் அதைச் செய்துபார்த்த டூஷேன், ஊசியே தேவையில்லை என்பதைக் கண்டார். நனைத்த மின்முனைகளைத் தோலின்மீது வைத்தாலே போதும். இடத்தைச் சரியாகத் தேர்ந்தால் மின்னோட்டம் விரும்பிய ஒரு தசையை மட்டும் சுருங்கச் செய்யும். மின்கலத்திலிருந்து இடைவிடாது வரும் ஓட்டத்தைவிட, தூண்டு சுருளிலிருந்து விட்டுவிட்டு வரும் ஓட்டமே இதற்கு ஏற்றது என்றும் அவர் தெளிந்தார்.

1842-இல் அவர் பாரிஸ் வந்து சேர்ந்தார். அங்கே அவருக்குப் பேராசிரியர் பதவி இல்லை; மருத்துவமனைப் பணி இல்லை; ஆய்வுக்கூடம் இல்லை. தாமே வடிவமைத்த மின்கருவியைச் சுமந்துகொண்டு காலைதோறும் ஒவ்வொரு மருத்துவமனையாக நடந்தார். வார்டுகளில் கிடந்த முடக்குவாத நோயாளிகளிடம் நெடுநேரம் விசாரித்தார். தசை தசையாகச் சோதித்தார். அவருடைய நாட்டுப்புறப் பேச்சையும் ஓயாத கேள்விகளையும் இளம் மருத்துவர்கள் கேலி செய்தார்கள். சில இடங்களில் அவரை ஊடுருவியாகவே கருதினார்கள். அவர் பொருட்படுத்தவில்லை. ஒரு நோயாளி வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டால் இவரும் அங்கே போனார். ஆண்டுக்கணக்கில் ஒரே நோயாளியைப் பின்தொடர்ந்து, நோய் எப்படித் தொடங்கி, எங்கே பரவி, எப்படி முடிகிறது என்று எழுதிவைத்தார்.

இந்தப் பின்தொடர்தலே அவருடைய பெரும் கண்டுபிடிப்புகளுக்குத் தாய். அதுவரை முடக்கம் என்ற ஒரே சொல்லுக்குள் அடைந்துகிடந்த பல நோய்களை அவர் பிரித்துக் காட்டினார். மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் கை விழுந்தவருக்கு மின்சாரம் பாய்ச்சினால் தசை சுருங்குகிறது. நரம்பு அறுந்தவருக்கும், ஈய நஞ்சால் மணிக்கட்டு தொங்கிப்போன வண்ணப்பூச்சுத் தொழிலாளிக்கும் அது சுருங்குவதில்லை. பழுது எங்கே இருக்கிறது என்பதை உடலைக் கீறாமலேயே அறியும் வழி இப்படிக் கிடைத்தது. சிகிச்சைக்காக எடுத்த கருவி நோயறியும் கருவியாகவும் ஆயிற்று. 1855-இல் வெளிவந்த அவரது நூல் இந்த முறைக்கு அடிப்படையாக அமைந்தது.

1862-இல் மனித முகத்தின் தசைகளைப் பற்றி அவர் வெளியிட்ட படநூல் மருத்துவத்துக்கு வெளியேயும் புகழ்பெற்றது. முகத்தில் உணர்ச்சியற்றுப்போன ஒரு முதியவரின் தசைகளை மின்முனைகளால் தனித்தனியே இயக்கி, அந்தக் கணத்தைப் புகைப்படமாக எடுத்தார். உதட்டை உயர்த்தும் தசையை எவரும் விரும்பியபோது இயக்கிவிடலாம். கண்ணைச் சுற்றியுள்ள தசை உண்மையான மகிழ்ச்சியில்தான் சேர்ந்து இயங்கும் என்பது அவர் முடிவு. உள்ளத்திலிருந்து வரும் புன்னகையை உளவியலாளர்கள் இன்றும் டூஷேன் புன்னகை என்றே அழைக்கிறார்கள். 1872-இல் உணர்ச்சி வெளிப்பாடுகள் பற்றி நூல் எழுதிய சார்லஸ் டார்வின் இந்தப் படங்கள் சிலவற்றைப் பயன்படுத்திக்கொண்டார்.

ஏழை நோயாளிகளே அக்காலச் சோதனைகளுக்கு உட்பட்டார்கள் என்பதையும் மறக்கலாகாது. அந்த முதியவருக்கு வலி தெரியாது என்பதே அவரைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம். இன்றைய நெறிமுறைக் குழு ஒன்று அவருடைய ஒப்புதலைப் பற்றிப் பல கேள்விகளை எழுப்பியிருக்கும். பெரியவர்களின் வாழ்க்கையையும் நாம் இத்தகைய நிழல்களோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

1868-இல் டூஷேன் 13 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து அந்தத் தசைச் சிதைவு நோயை விரிவாக விளக்கினார். கெண்டைக்கால் பருத்துக் காட்டும். ஆனால் வலு இராது. குழந்தை எழுந்து நிற்கவே தடுமாறும். லண்டன் மருத்துவர் எட்வர்ட் மெரியன் இதே நோயை முன்னரே விவரித்திருந்தார் என்றாலும், புகழ் டூஷேனுக்கே போய்ச் சேர்ந்தது. நோயின் போக்கை அறிய, உயிரோடு இருக்கும் நோயாளியின் தசையிலிருந்து சிறு துணுக்கை எடுக்கும் ஊசிக் கருவி ஒன்றையும் அவர் உருவாக்கினார். அதற்காகக் கண்டனத்துக்கும் உள்ளானார். அவருடைய மின்சாரத்தால் இந்த நோயை வெல்ல முடியவில்லை. இதற்குக் காரணமான மரபணுவும் புரதமும் தெரியவர 1980-களின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பதவி அவரைத் தேடி வரவில்லை, மாணவர்கள் வந்தார்கள். நரம்பியலின் தந்தையருள் ஒருவராகப் போற்றப்படும் ஷார்கோ, டூஷேனைத் தம் ஆசானாக மதித்து, சல்பெத்ரியேர் மருத்துவமனையின் கதவுகளை அவருக்குத் திறந்துவிட்டார். பிரிந்திருந்த மகன் எமிலும் மருத்துவராகித் தந்தையோடு வந்து சேர்ந்தார். ஆனால் அந்த மகிழ்ச்சியும் நீடிக்கவில்லை. 1871-இல் டைஃபாய்டு காய்ச்சல் மகனைக் கொண்டுபோயிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து, 1875 செப்டம்பர் 15 அன்று, மூளை ரத்தக்கசிவால் டூஷேன் மறைந்தார். வாழ்ந்த காலத்தில் பணி கொடுக்காத பாரிஸ், 1897-இல் சல்பெத்ரியேரில் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பியது.

அவருக்குப் பின் இந்தக் கருவி நல்லவர் கைகளிலும் அல்லாதவர் கைகளிலும் அகப்பட்டது. சகல நோயும் தீரும் என்று சொல்லி மின்சார இடுப்புப்பட்டைகளை விற்றவர்கள் செல்வம் சேர்த்தார்கள். முதல் உலகப் போரில் மனம் சிதைந்த வீரர்களை மீண்டும் போர்முனைக்கு அனுப்புவதற்காக, அதே ஃபாரடிக் மின்னோட்டத்தைத் தாங்க முடியாத அளவுக்குப் பாய்ச்சிய மருத்துவர்களும் இருந்தார்கள். நோயாளியின் பக்கம் நிற்க மறந்துவிட்டால் சிகிச்சைக்கும் சித்திரவதைக்கும் இடைவெளி மிகச் சிறியது.

நல்ல மரபும் தொடர்ந்தது. பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் 1987-இல் பெனபித் என்ற அறுவை மருத்துவர், மூளையின் ஆழத்தில் வினாடிக்குச் சுமார் நூறு துடிப்புகள் வீதம் மின்சாரம் செலுத்தியபோது நோயாளியின் கை நடுக்கம் நின்றதைக் கண்டார். இன்று பார்க்கின்சன் நோய்க்கு உலகெங்கும் அளிக்கப்படும் ஆழ்மூளைத் தூண்டல் அங்கிருந்து வளர்ந்தது. முதுகுத் தண்டு அடிபட்டு ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்த மூவர், தண்டின்மீது பொருத்திய மின்முனைகளின் உதவியோடு மீண்டும் அடியெடுத்து வைத்ததை 2018-இல் சுவிட்சர்லாந்தின் லொசான் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் இங்கே ஒரு கணக்கை நினைவூட்ட விரும்புகிறேன். இத்தகைய கருவிகளின் விலையில் அறுவை சிகிச்சை முதல் தவணை மட்டுமே. மின்கலத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நோய் நகர நகர மின்னோட்டத்தின் அளவைத் திருத்த வேண்டும். பழுதானால் சீர்செய்ய வேண்டும். அமெரிக்க நிறுவனம் ஒன்று பார்வையிழந்தோருக்காக விழித்திரையில் பதிக்கும் மின்கருவியைச் செய்து விற்றது. உலகெங்கும் 350-க்கும் மேற்பட்டோர் அதைப் பொருத்திக்கொண்டார்கள். லாபம் கிட்டாததால் நிறுவனம் அந்தத் தயாரிப்பைக் கைவிட்டது. பழுதானால் பார்ப்பாரற்ற கருவியைக் கண்ணுக்குள் சுமந்தபடி அவர்கள் நின்றார்கள்.

விற்பனையோடு முடிவது வணிகத்தின் கணக்கு. நோயாளியின் கணக்கோ அன்றுதான் தொடங்குகிறது. பதவியும் நிதியும் இல்லாத டூஷேன் தம் நோயாளிகளை மருத்துவமனை மருத்துவமனையாகத் தேடிச் சென்றார். பெரும் நிதியோடு இயங்கும் இன்றைய அமைப்புகளுக்கு அந்தக் கடமை இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

உடலுக்குள் பதிக்கும் எந்த மின்கருவிக்கும் அனுமதி வழங்கும்போது, அதை வாழ்நாள் முழுவதும் பராமரிப்பதற்கான நிதியை நிறுவனத்திடமிருந்து முன்கூட்டியே பெற்று ஒதுக்கிவைக்க அரசுகள் சட்டம் செய்ய வேண்டும். கருவியின் வடிவமைப்பு விவரங்கள் பொது நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். தயாரித்தவர் விலகினாலும் மற்றொருவர் சீர்செய்ய அது வழிவிடும். காப்பீட்டுத் திட்டங்கள் அறுவை சிகிச்சைக்கு மட்டுமன்றி, அதன்பின் வரும் ஆண்டுகளுக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

ஈரத் துணி சுற்றிய மின்முனை கன்னத்தில் படும்போது தசை ஒரு கணம் துடித்து அடங்குகிறது. நோயாளி நலம் பெறுவது அந்த ஒரு கணத்தால் அல்ல. நாளையும் மறுநாளும் யாரோ ஒருவர் அந்த மின்முனையோடு அவருக்காகக் காத்திருப்பதால்தான்.