வெள்ளித்திரையில் நம் முகம்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

மதுரை என்றதும் நம் நெஞ்சில் எழுபவை வானளாவிய கோபுரங்களும், வைகை மணலும், மல்லிகை மணமும். வெளியூரார் நெஞ்சில் எழுவது எது? சென்ற ஆண்டு பேச்சுப் போட்டி ஒன்றிற்காக வேறொரு மாவட்டத்திற்குச் சென்றிருந்தேன். மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர்க்காரி என்று நான் சொன்னதுமே, அருகில் அமர்ந்திருந்த மாணவி, பையில் அரிவாள் இருக்கிறதா என்று கேட்டுச் சிரித்தாள். அவள்மீது எனக்குக் கோபமில்லை. அவள் மதுரைக்கு வந்தவளல்லள். மதுரையைத் திரைப்படத்தில் கண்டவள். எங்கள் வீட்டு அரிவாள் கருவேல முள் வெட்டுவதற்கும் தேங்காய் உரிப்பதற்கும் உரியது என்பதை அவள் எங்ஙனம் அறிவாள்?

ஒரு மக்கள் கூட்டத்தின் முகத்தைத் திரையில் தீட்டுபவர் யார்? இந்தக் கேள்வியோடு ஊர் திரும்பினேன். ஆண்டிறுதிக் கட்டுரைக்குத் திரைப்படத் துறையையே பொருளாக எடுத்துக்கொண்டேன். வரலாறு படிக்கும் பெண்ணுக்குச் சினிமா எதற்கு என்று நகைத்தவர்களும் உண்டு. ஆயினும் நூலகத்தில் பழைய ஏடுகளைப் புரட்டப் புரட்ட, ஒரு மனிதரின் வாழ்க்கை என்னைப் பற்றிக்கொண்டது. அவர்தாம் இயக்குநர் கே. சுப்பிரமணியம்.

தஞ்சைத் தரணியின் பாபநாசத்தில் 1904ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் பிறந்தவர் அவர். சட்டம் பயின்று வழக்குரைஞரானார். ஆனால் அவர் உள்ளம் நீதிமன்றத்தில் நிலைகொள்ளவில்லை. பேசாப் படக் காலத்திலேயே ராஜா சாண்டோ போன்றோருடன் பழகி, திரைத்தொழிலின் நுட்பங்களைக் கற்றார். 1934ஆம் ஆண்டு வெளிவந்த ‘பவளக்கொடி’ அவரை இயக்குநராக்கியது. எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் திரைக்கு அறிமுகமானது அப்படத்தில்தான். மின்விளக்கை நம்பாது, கதிரவன் ஒளியை நம்பிப் படம் பிடித்த காலம் அது.

புராணக் கதைகளை எடுத்துப் பொருள் ஈட்டியிருந்தால் அவர் வாழ்வு அமைதியாகக் கழிந்திருக்கும். அவர் அவ்வழியில் நின்றுவிடவில்லை. 1937இல் ‘பாலயோகினி’யை எடுத்தார். கைம்பெண்ணின் துயரையும் சாதிக் கொடுமையையும் பேசியது அப்படம். கைம்பெண் வேடத்தில் உண்மையாகவே கணவனை இழந்த ஒரு பிராமணப் பெண்ணை நடிக்கச் செய்தார். பொட்டும் பூவும் மறுக்கப்பட்டு, அடுப்படி இருளில் முடங்கிக் கிடக்க வேண்டியவள் என்று ஊரார் எண்ணிய ஒருத்தி, ஆயிரம் பேர் காண வெள்ளித்திரையில் வந்து நின்றாள்! வைதிகர்கள் வெகுண்டெழுந்தனர், அவரைச் சாதியை விட்டே விலக்கி வைத்தனர். அவரோ அதற்கு அஞ்சினாரில்லை.

மறு ஆண்டு ‘சேவாசதனம்’ வந்தது. பிரேம்சந்த் எழுதிய நாவலைத் தழுவிய கதை. முதியவனுக்கு மணமுடிக்கப்பட்டு, ஐயத்திற்கு ஆளாகி, வீட்டை விட்டுத் துரத்தப்படும் ஓர் இளம்பெண்ணே கதைத் தலைவி. அவ்வேடத்தில் நடித்து முதன்முதலாகத் திரையேறியவர் யார் தெரியுமா? 1916இல் நம் மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமிதான். இசைப் பேரரசி என்று உலகம் போற்றிய அவர், மதுரை மண்ணின் முகமாகத் திரையில் முதலில் தோன்றியது இப்படத்தில்தான்.

அடுத்தது ‘தியாகபூமி’. கல்கி எழுதிய இக்கதை, திரைப்படக் காட்சிகளின் புகைப்படங்களோடு ஆனந்த விகடனில் தொடராக வந்தது; படம் 1939 மே 20இல் வெளியாயிற்று. கல்கியின் நாவலை ஒரே இரவில் படித்து முடித்தேன். புயல் மழையில் தவித்த சேரி மக்களுக்குத் தம் வீட்டில் இடம் கொடுத்ததற்காகச் சம்பு சாஸ்திரியை ஊர் ஒதுக்கி வைக்கிறது. அவர் மகள் சாவித்திரியோ, தன்னைக் கொடுமைப்படுத்திய கணவனோடு மீண்டும் வாழ மறுத்து, வேண்டுமானால் ஜீவனாம்சத்தைத் தானே அவனுக்குத் தருவதாகச் சொல்கிறாள். இன்று கேட்டாலும் நிமிர்ந்து உட்கார வைக்கும் துணிவல்லவா இது! விடுதலைப் போராட்ட உணர்வு ஊட்டிய இப்படத்தை ஆங்கில அரசு பொறுக்கவில்லை. தடை வரப்போகிறது என்று அறிந்த சுப்பிரமணியம், சென்னை கெயிட்டி அரங்கில் படத்தை இலவசமாகக் காட்டச் செய்தார். மக்கள் வெள்ளம்போல் திரண்டனர். 1940இல் தடை வந்தே விட்டது.

இங்கேதான் என் கட்டுரை என் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. ‘தியாகபூமி’ வெளிவந்து 50 நாள்கூட நிறையாத 1939 ஜூலை 8 அன்று, அ. வைத்தியநாத ஐயர் தலைமையில், மேலூரை அடுத்த தும்பைப்பட்டி கக்கன் உள்ளிட்ட தோழர்கள் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தனர். என் அப்பத்தாவின் தந்தை அதற்கு முன்பெல்லாம் தெருவில் நின்று கோபுரத்தை மட்டும் கும்பிட்டுத் திரும்பியவர். அந்த ஆண்டுதான் முதன்முதலாக அம்மன் முகத்தைக் கண்டாராம். அதைச் சொல்லும்போதெல்லாம் அப்பத்தாவின் குரல் தழுதழுக்கும்.

ஆகவே சுப்பிரமணியத்தை நான் வணங்குகிறேன். ஆனால் கேள்வி கேட்காமல் வணங்க என்னால் இயலவில்லை. கதவைத் திறந்த சாஸ்திரியின் உள்ளம் அக்கதையில் விரிவாகப் பேசுகிறது. மழையில் நனைந்து வாசலில் நின்றவனின் உள்ளம் என்ன நினைத்தது? அது அவ்வளவாகப் பேசவில்லை. என் முப்பாட்டனார் கதையின் ஓரத்திலேயே நிற்கிறார். இதை ஒரு குற்றமாகச் சொல்லவில்லை. தாம் பிறந்த இடத்திலிருந்து எவ்வளவு தொலைவு நடக்க முடியுமோ அவ்வளவு தொலைவு நடந்தார் அவர். எஞ்சிய தொலைவை நடக்க வேண்டியவர்கள் வாசலில் நின்றவர்களின் பிள்ளைகளே. 2018இல் வந்த ‘பரியேறும் பெருமாள்’ போன்ற படங்கள் அந்நடை தொடங்கிவிட்டதைக் காட்டுகின்றன.

தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபையும் நடிகர் சங்கமும் உருவாக உழைத்தவர்களுள் ஒருவராகவும் விளங்கிய சுப்பிரமணியம், 1971 ஏப்ரல் 7இல் மறைந்தார். அவர் வாழ்வு எனக்குக் கற்பித்தது இதுதான்: திரையில் தெரியும் முகம் தானாக முளைப்பதன்று, யாரோ ஒருவர் தேர்ந்து வைப்பது. அரிவாளைத் தேர்ந்தவரும் ஒரு மனிதரே; கைம்பெண்ணின் கண்ணீரைத் தேர்ந்தவரும் ஒரு மனிதரே. முதலாமவர் எளிதில் விலைபோவதைத் தேர்ந்தார். இரண்டாமவர் அதற்குரிய விலையைத் தாமே கொடுத்தார்.

மாணவ நண்பர்களே! நம் ஊர் திரையில் தவறாகத் தெரிகிறதே என்று வருந்துவதோடு நின்றுவிடலாமா? நம்மில் சிலராவது கதை எழுத வேண்டும். காமிராவைக் கையில் எடுக்க வேண்டும். தெருவில் நின்று கோபுரத்தைக் கும்பிட்ட ஒருவரின் கதையை எழுத நான் தொடங்கிவிட்டேன். முதல் காட்சியில் ஓர் அரிவாள் வருகிறது. அது முள் வெட்டுகிறது.