ஏடு காத்தோர்க்குக் கைம்மாறு
ராவ்பகதூர் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் சரித்திரச் சுருக்கம்

உபகாரஞ் செய்தவர் முன்னிலையிலே நன்றி கூறுதல் யாவர்க்கும் எளிது. அவர் மறைந்து நெடுங்காலஞ் சென்றபின், அவர் பெயர்தானும் அறியப்படாதவிடத்து, அந்நன்றியைச் செலுத்துமாறு யாது? இவ்வினாவுக்குத் தம் வாழ்நாளையே விடையாக்கியவர் தாமோதரம்பிள்ளையவர்கள்.

பிள்ளையவர்கள் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே 1832 ஆம் ஆண்டிற் பிறந்தார்கள். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டைச் செமினரியிலுங் கற்று, கோப்பாயிலே உபாத்தியாயராயிருந்து, பின்பு சென்னபட்டணஞ் சென்று தினவர்த்தமானிப் பத்திரிகைக்கு ஆசிரியராயினார்கள். சென்னைச் சர்வகலாசாலை முதன்முதல் நடாத்திய பி. ஏ. பரீட்சையிற் சித்தியெய்தினார்கள். அரசாங்க உத்தியோகத்தின் பின்னர்க் கும்பகோணத்திலே நியாயவாதியாயும், புதுக்கோட்டையிலே நியாயாதிபதியாயும் விளங்கினார்கள்.

இப்பதவிகள் பலர்க்குங் கிடைப்பன. பிள்ளையவர்களது பெருமை வேறிடத்துள்ளது. பனையோலை நம் நாட்டு வெப்பத்தினும் ஈரத்தினும் நெடுங்காலம் நில்லாது. செல்லும் பூச்சியும் அதனை அரித்தழிக்கும். ஆதலாற் பழைய நூலொன்று நம்மை அடைந்ததெனின், தலைமுறைதோறும் யாரோ ஒருவர் எழுத்தாணி பிடித்து அதனைப் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதினாரென்பது திண்ணம். அவருட் பலர் பெயரும் ஊரும் நாமறியோம். அச்சு வந்தபின் ஏடெழுதும் வழக்கம் அருகியது. அச்சேறாத நூல்களோ கேட்பாரின்றி அழிந்தன. அத்தொடர் தங்காலத்தே அற்றுப்போமென்று பிள்ளையவர்கள் கண்டு அஞ்சினார்கள்.

ஆறுமுகநாவலரவர்கள் பரிசோதித்த தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையருரையை 1868 இல் வெளியிட்டார்கள். 1879 இல் நாவலரவர்கள் மறைந்தபின், அப்பணியைத் தாமே தாங்கினார்கள். 1881 இல் வீரசோழியமும், 1883 இல் இறையனாரகப்பொருளும், 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரமும், 1887 இல் கலித்தொகையும், 1889 இற் சூளாமணியும் வெளிவந்தன. எட்டுத்தொகையுள் முதன்முதல் அச்சேறியது கலித்தொகையே. பிரதிகள் பலவற்றைத் தேடி ஒப்புநோக்கி, சிதைந்தவிடங்களிற் பொருள்கண்டு செய்த இப்பணி உடலுழைப்பும் பொருட்செலவும் மிக்கது. பிழை திருத்தக் கூறுவாரைக் காட்டிலும் பிழை கூறுவாரே பலராயிருந்த காலத்தும், அவர்கள் பின்வாங்கிற்றிலர். 1895 இல் ராவ்பகதூர்ப் பட்டம் பெற்று, 1901 ஆம் ஆண்டு ஜனவரி முதற்றேதி தேகவியோகமாயினார்கள்.

ஏடெழுதினோர்க்குப் பிள்ளையவர்கள் வாயால் நன்றி கூறுதல் கூடாதாயிற்று. அவர்கள் செய்த செயலையே தாமுஞ் செய்தார்கள். பெற்றதனை அழியவிடாது பின்வருவோர் கையிற் கொடுத்தார்கள். இறந்தோர்க்குச் செலுத்தும் நன்றி, பிறக்கப்போவோர்க்குச் செய்யும் உபகாரமாகவே முடியுமென்பது இதனாற் பெறப்படும்.

1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூல்நிலையம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அரிய ஏடுகளும் அவற்றோடழிந்தன. அச்சேறிப் பலவிடத்தும் பரவியிருந்த நூல்கள் பிறவிடங்களிற் பிழைத்தன. ஒற்றைப் பிரதியாயிருந்தனவோ மீளவில்லை. பிள்ளையவர்கள் அஞ்சியது வீணன்றென்பதை அந்நெருப்பு காட்டிற்று. ஆதலால், அன்பர்காள், உங்கள் வீட்டுப் பரணிலே பழைய ஏடேனும் புத்தகமேனும் உளதாயின், அதனை எடுத்துத் துடைத்து, அறிந்தோரிடங் காட்டிப் பிரதிசெய்து வையுங்கள். பிள்ளையவர்கட்கு நாம் செலுத்தத்தகுங் கைம்மாறு இதுவேயாம்.