போதும் என்று சொல்ல மறுத்த விஞ்ஞானி

போர்க்காலங்களில் அரசுகள் வெளியிடும் உணவுக் கணக்குகளைப் பற்றித் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அல்பிரெக்ட் கொசல் என்ற பெயர் என் கண்ணில் பட்டது. அவர் அரசியல்வாதியல்லர், ஜேர்மனியின் உயிர் இரசாயனவியலாளர்.

1853இல் ரொஸ்ரொக் துறைமுக நகரில் பிறந்த கொசல், மருத்துவம் படித்தார். ஆனால், வாழ்நாள் முழுவதும் அவர் ஆராய்ந்தது கலத்தின் கருவுக்குள் இருக்கும் பொருட்களையே. பறவைகளின் செங்குருதிக் கலங்களில், எங்களுடையவற்றில் இல்லாத கரு உண்டு. 1884இல் வாத்தின் குருதியிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து, அதற்கு ஹிஸ்ரோன் எனப் பெயரிட்டார். டி.என்.ஏயின் எழுத்துகளான அடெனின், தைமின், சைற்றோசின் ஆகியவற்றை இனங்கண்டதும் அவரும் அவருடன் பணியாற்றியோரும்தான். 1910இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

ஹிஸ்ரோனின் வேலை என்னவென்று அவர் காலத்தில் விளங்கவில்லை. ஒரு கலத்துக்குள் சுமார் 2 மீற்றர் நீளமான டி.என்.ஏ இழை இருக்கிறது. நூற்கட்டையில் நூல் போல அது ஹிஸ்ரோன்களில் சுற்றப்பட்டிருக்கிறது. சுற்று இளகினால் அங்குள்ள மரபணு வேலை செய்யும், இறுகினால் அடங்கிவிடும். இதற்கான முக்கிய தடயம் ஒன்றை 1964இல் அமெரிக்காவில் வின்சென்ற் ஓல்ஃப்ரே குழுவினர் கண்டனர்.

முதலாம் உலகப் போரின்போது கொசல் ஹைடெல்பேர்க்கில் பேராசிரியர். கடல் முற்றுகையால் உணவு அருகியது. 1916-17 குளிர்காலத்தில் மக்கள் கால்நடைத் தீவனக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தனர். பங்கீட்டு உணவு போதுமானது என்று அறிவிக்கும்படி அரசு அவரைக் கேட்டது. நோபல் பரிசு பெற்றவர் சொன்னால் சனம் நம்பும். அவரோ மறுத்துவிட்டார். 1927இல் காலமானார்.

1944-45 நெதர்லாந்துப் பஞ்ச காலத்தில் கருவில் உருவானவர்களை, சுமார் 60 வருடங்களின் பின் ஆய்வாளர்கள் அவர்களது உடன்பிறந்தோருடன் ஒப்பிட்டனர். வளர்ச்சியுடன் தொடர்புடைய ஒரு மரபணுவில், கொசல் இனங்கண்ட அதே சைற்றோசினில் ஒட்டியிருக்கும் இரசாயனக் குறிகள் பஞ்சத்தில் உருவானவர்களிடம் குறைவாக இருந்தன. அன்றைய பங்கீட்டுக் கணக்குகள் எழுத்தில் இருந்தபடியால்தான் அந்த ஒப்பீடு சாத்தியமானது.

எங்கள் நிவாரண வரிசைகளில் நின்றவர்களுக்கும், அந்த நாட்களில் பிள்ளை சுமந்த தாய்மாருக்கும் எவ்வளவு உணவு கிடைத்தது என்பதை அவர்களிடமே கேட்டு எழுதிவைக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். எங்கள் பிள்ளைகளைப் பற்றி அப்படியொரு ஆய்வு நடந்தால், முதலில் தேவைப்படுவது அந்தக் கணக்கே.