காலேஜ் பக்கமா, சாப்பாடு கிடைக்கும் வீடா? கேம்பிரிட்ஜில் ராமானுஜன் வீடு மாறிய கதை

வெளிநாடு போகும் பிள்ளைகளிடம் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் வீட்டில் முதலில் கேட்பது ரெண்டே கேள்விதான். எங்கே தங்கப் போறே? சாப்பாட்டுக்கு என்ன பண்ணப் போறே? நூறு வருஷத்துக்கு முன்பே இந்தக் கேள்விகளைச் சந்தித்தவர், கும்பகோணத்தில் வளர்ந்த கணிதமேதை ராமானுஜன்.

முதல் வீடு எது?

மெட்ராஸ் பல்கலைக்கழகம் தந்த ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகையோடு 1914 மார்ச் 17-ல் கப்பல் ஏறினார். ஏப்ரலில் லண்டன் போய்ச் சேர்ந்தார். சில நாளிலேயே கேம்பிரிட்ஜில் பேராசிரியர் நெவில் வீட்டுக்குக் குடிபோனார். ராமானுஜனை இங்கிலாந்து வரச் சம்மதிக்க வைத்தவரே இந்த நெவில்தான். அந்த வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது.

ஏன் மாறினார்?

வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், செஸ்டர்டன் ரோட்டில். வேலையோ டிரினிட்டி கல்லூரியில், ஹார்டியோடு. அதனால் ஜூன் மாதமே கல்லூரி வளாகத்தின் வேவெல்ஸ் கோர்ட்டுக்கு மாறினார். பிறகு பிஷப்ஸ் ஹாஸ்டல். ஹார்டியின் அறை அங்கிருந்து சில அடி தூரம்தான்.

லாபம் என்ன, நஷ்டம் என்ன?

லாபம் பெரிது. ஹார்டியோடு சேர்ந்து எண்களின் பிரிவினை பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 1918-ல் வெளியானது. அதே ஆண்டு ராயல் சொசைட்டி உறுப்பினரானார்.

ஆனால் அவர் சுத்த சைவம். கல்லூரிச் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போகாமல் அறையிலேயே தனியாகச் சமைத்தார். புளி மெட்ராஸிலிருந்து பார்சலில் வந்தது. 1914-லேயே உலகப்போரும் வந்துவிட, பொருள்கள் கிடைப்பது கஷ்டமானது. வேலை மும்முரத்தில் வேளைக்குச் சாப்பிடுவதும் தவறியது.

குளிரும் விடவில்லை. ஓவர்கோட், சால்வை சுற்றிக்கொண்டு நடுங்கியபடி தூங்கினார். படுக்கையில் மடித்துச் செருகியிருந்த கம்பளிகளுக்கு உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பதை அறைக்கு வந்த நண்பர் மகலனோபிஸ்தான் காட்டிக்கொடுத்தார். இந்தியப் புள்ளியியல் கழகத்தைப் பின்னாளில் நிறுவியவர் இவர்தான். அதுவரை அதைச் சொல்லிக்கொடுக்க அறையில் ஆள் இல்லை.

சாப்பாடுதான் நோய்க்குக் காரணமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. 1917-ல் படுத்த படுக்கையானார். காசநோய் என்று சிகிச்சை தரப்பட்டது. இந்தியாவிலேயே தொற்றிய அமீபா நோய் கல்லீரலைத் தாக்கியிருக்கலாம் என்று பின்னாளில் மருத்துவர்கள் சிலர் ஆராய்ந்து சொன்னார்கள். எதுவானாலும், நோய் வந்த உடம்புக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு தேவைப்பட்டது. அது அவருக்குச் சரியாக அமையவில்லை.

1919-ல் ஊர் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-ல் சென்னை சேத்துப்பட்டில் 32 வயதில் இறந்தார். கும்பகோணம் சாரங்கபாணி சன்னதி தெருவில் அவர் வளர்ந்த வீடு இன்று நினைவிடம். அங்கே அவருக்கு வேளைக்குச் சோறு போட அம்மா கோமளத்தம்மாள் இருந்தார். கேம்பிரிட்ஜ் அறையில் இல்லாமல் போனது அதுதான்.