சாதியை எதிர்த்தவர், மேடை போட்டவர்: யார் இந்தக் கோ. சாரங்கபாணி?

பூன் லே பிளேஸ் உணவங்காடியில் ஒருநாள் காலை உட்கார்ந்து பாருங்கள். நாசி லெமாக் தட்டோடு ஒருவர், தோசையோடு இன்னொருவர், எல்லாரும் ஒரே மேசையில். தே தாரிக் கலக்குபவர் உங்கள் சாதியைக் கேட்பதில்லை. கேட்டால் சிரித்துவிடுவீர்கள்.

1930களில் இதே தீவில் அது சிரிக்கிற விஷயம் இல்லை. தாழ்த்தப்பட்ட சாதி என்று சொல்லப்பட்டவர்களைச் சில தமிழர் சாப்பாட்டுக் கடைகளும் முடிதிருத்தும் கடைகளும் ஒதுக்கிவைத்த காலம் அது.

தென்னாப்பிரிக்காவில் 1948க்குப் பிறகு நிறவெறி சட்டமாகவே இருந்தது. அதைப் பாட்டாலும் நாடகத்தாலும் எதிர்த்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம்மூரில் சாதிக்குச் சட்டம் எதுவும் இல்லை, வெறும் பழக்கம்தான். சட்டம்னா ஒருநாள் ரத்து பண்ணலாம். பழக்கத்தை எப்படி ரத்து பண்ணுவது? அந்தக் கேள்வியோடுதான் சாரங்கபாணி வாழ்நாள் முழுதும் மல்லுக்கட்டினார்.

எங்கிருந்து வந்தார்?

1903ல் திருவாரூரில் பிறந்தவர். 1924ல் சிங்கப்பூருக்கு வந்து கணக்கர் வேலை பார்த்தார். 1929ல் பெரியார் மலாயா வந்தபோது வரவேற்பு ஏற்பாடுகளில் முன்னின்றார். 'முன்னேற்றம்' இதழின் ஆசிரியராகவும் இருந்தார். 1932ல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் உருவானது. கள்ளுக்கடைக்கு எதிர்ப்பு, சாதி மறுப்பு, புரோகிதர் இல்லாத திருமணம் என அதன் வேலைகள் நீண்டன. தைப்பூசத்தில் அலகு குத்துவதையும் எதிர்த்தார்கள். அதற்குப் பெரிய ஆதரவு கிடைக்கவில்லை என்பது இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது!

1935 ஜூலை 6ஆம் தேதி 'தமிழ் முரசு' வந்தது. விலை ஒரு காசு. கூலி வேலை செய்பவர் வாங்கவேண்டும், படிக்கத் தெரியாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் வாசித்துக் காட்டவேண்டும் என்றால் விலை அப்படித்தான் இருக்கமுடியும்.

சொன்னதை வீட்டிலும் செய்தார். அவர் மணந்தது லிம் பூன் நியோ என்ற சீனப் பெண்ணை.

திருநாள் எதற்கு?

இருபது ஆண்டுகள் எழுதியும் பேசியும் பார்த்தவருக்கு ஒன்று புரிந்திருக்கவேண்டும். சாதி தப்பு என்று கூட்டம் போட்டால், ஏற்கெனவே ஒத்துக்கொண்டவர்தான் வருவார். மற்றவரை எப்படி வரவைப்பது? 1952ல் பொங்கலையொட்டித் தமிழர் திருநாள் தொடங்கியது. பாட்டு, நடனம், நாடகம், பேச்சுப்போட்டி, விளையாட்டு எல்லாம் இருந்தன. இந்து, முஸ்லிம், கிறிஸ்துவர் யாராக இருந்தாலும் தமிழர் என்றால் போதும். பிள்ளை மேடையில் ஆடும்போது பெற்றோர் வந்துதானே ஆகணும்? வந்தவர் பக்கத்து நாற்காலிக்காரரின் சாதியைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. கட்டுரைகளால் முடியாததை அந்த மேடை ஓரளவு செய்தது என்றே தோன்றுகிறது.

பத்திரிகைக்குள்ளும் அதே முயற்சிதான். பிள்ளைகள் எழுதிப் பழக 'மாணவர் மணிமன்றம்' என்ற பகுதியைக் கொடுத்தார். பின்னாளில் பெயர் வாங்கிய நம் எழுத்தாளர்கள் சிலர் அங்கிருந்து வந்தவர்கள்.

மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வுத் துறையில் தமிழா, சமஸ்கிருதமா என்ற சர்ச்சை எழுந்தபோது, 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டினார். சாதாரணத் தொழிலாளர்கள் ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்தார்கள். தங்கள் பிள்ளைகள் அந்தப் பல்கலைக்கழக வாசலை மிதிப்பார்களா என்றுகூடத் தெரியாதவர்கள் அவர்கள். 1956ல் துறை தொடங்கியபோது தமிழுக்கு அங்கே இடம் இருந்தது.

எல்லாம் நல்லபடியாகவே போகவில்லை. 1963ல் அவருடைய பத்திரிகை ஊழியர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். முரசு ஏறக்குறைய ஓராண்டு வெளிவரவில்லை. உழைப்பவர் பக்கம் நின்று எழுதியவருக்கு அது எவ்வளவு கசந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். 1974 மார்ச் 16ஆம் தேதி அவர் காலமானார்.

ஒன்று செய்யுங்களேன். வீட்டில் தாத்தா பாட்டியின் பழைய குடியுரிமைச் சான்றிதழ் இருந்தால் எடுத்து, தேதியைப் பாருங்கள். 1957ல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, ஊருக்குத் திரும்பிப் போவதா இங்கேயே இருப்பதா என்று தயங்கியவர்களைப் பதியச் சொல்லி முரசு விடாமல் எழுதியது. படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்குச் சாரங்கபாணியும் நண்பர்களும் கூட உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தார்கள்.