கல்லணையை மாடலாக வைத்து கொள்ளிடத்தை மடக்கியவர்... யார் இந்த ஆர்தர் காட்டன்?

ஆண்டிமடத்துல பஸ் ஏறி ஜெயங்கொண்டம், கங்கைகொண்ட சோழபுரம் வழியா கும்பகோணம் போறவங்களுக்கு அணைக்கரை நல்லாவே தெரியும். கொள்ளிடம் அங்கே இரண்டு கிளையாகப் பிரிந்து ஒரு தீவைச் சுற்றி ஓடுகிறது. அந்த இரண்டு கிளையையும் மறித்து நிற்பதுதான் கீழணை.

முதலில் கட்டப்பட்டது 1836-ல். கட்டியவர் ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலேய ராணுவப் பொறியாளர். இன்றைக்கு ஓர் அணை கட்டணும்னா முதலில் கம்ப்யூட்டரில் கணக்கு போடுவாங்க, அப்புறம் சின்னதா ஒரு மாடல் செய்து தண்ணீர் விட்டுப் பார்ப்பாங்க. காட்டனுக்கு இந்த இரண்டு வசதியும் கிடையாது. அப்படின்னா எதை நம்பி இவ்வளவு பெரிய ஆற்றில் கை வைத்தார்? அதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை? விரிவாகப் பார்க்கலாம்.

16 வயதில் ராணுவ வேலை

1803-ம் ஆண்டு மே 15-ம் தேதி இங்கிலாந்தில் பிறந்தார் காட்டன். வீட்டில் மொத்தம் 11 ஆண் பிள்ளைகள். இவர் 10-வது. கிழக்கிந்திய கம்பெனி நடத்திய அடிஸ்கோம்ப் ராணுவப் பள்ளியில் படித்து, 1819-ல் சென்னை மாகாண பொறியாளர் படையில் சேர்ந்தார். அப்போது வயது 16தான். 1821-ல் இந்தியா வந்தார்.

ஆரம்பத்தில் பாம்பன் கால்வாயில் கப்பல் போக வழி உண்டா என்று அளக்கும் வேலை கிடைத்தது. பிறகு பர்மா போருக்குப் போனார். திரும்பி வந்ததும்தான் வாழ்க்கையை மாற்றிய வேலை வந்தது. காவிரியில் என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள்.

காவிரிக்கு என்ன ஆச்சு?

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம். தெற்கே போவது காவிரி. தஞ்சை டெல்டாவின் வயல்களுக்கு தண்ணீர் கொடுப்பது காவிரி. கொள்ளிடம் கடலுக்குப் போகும் நேரான, சரிவு அதிகமான வழி.

தண்ணீர் எப்பவும் பள்ளத்தைத் தேடும், இல்லையா? வருஷத்துக்கு வருஷம் கொள்ளிடம் அதிகத் தண்ணீரை இழுத்துக்கொண்டது. காவிரியின் தலைப்பில் மணல் மேடிட்டது. மேடு ஏற ஏற தண்ணீர் குறையும். தண்ணீர் குறையக் குறைய மணல் இன்னும் அதிகமாக நிற்கும். இப்படியே விட்டிருந்தால் டெல்டா காய்ந்துபோயிருக்கும்.

கம்பெனிக்கு இதில் சொந்தக் கவலையும் இருந்தது. விளைச்சல் குறைந்தால் நிலவரி குறையும். விவசாயி மேல் இருந்த அக்கறை மட்டுமே அணை கட்ட வைத்தது என்று சொல்ல முடியாது.

ஆய்வுக்கூடம் இல்லை... கல்லணை இருந்தது!

காட்டனுக்கு முன்னால் இருந்த பெரிய சிக்கல் அஸ்திவாரம். கொள்ளிடத்தில் எவ்வளவு தோண்டினாலும் மணல்தான். பாறையே கிடைக்காத இடத்தில் அணை எப்படி நிற்கும்?

பதில் முக்கொம்பிலிருந்து கொஞ்சம் கிழக்கே தயாராக இருந்தது. கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் கல்லணை. நீளம் சுமார் 1,080 அடி, உயரம் 15 முதல் 18 அடி. காட்டன் அதை ஆராய்ந்தபோது அதன் அடியிலும் பாறை இல்லை என்று தெரிந்தது. பெரிய பெரிய கற்களை மணலில் போட்டிருக்கிறார்கள். அவை தன் எடையிலேயே கீழே இறங்கியிருக்கின்றன. மேலே மேலே கல் போட்டு, களிமண்ணால் பிணைத்து, ஒரு கட்டத்துக்கு மேல் இறங்காமல் நிற்க வைத்திருக்கிறார்கள்.

ஆழம் தெரியாத மணலிலும் அணை நிற்கும் என்ற பாடத்தை இந்த மண்ணின் பழைய கட்டுமானத்தில் இருந்துதான் கற்றதாக காட்டனே பிற்காலத்தில் எழுதி ஒப்புக்கொண்டிருக்கிறார். அதாவது ஆய்வுக்கூட மாடல் இல்லாத குறையை, பல நூற்றாண்டு வெள்ளத்தில் தேறிய ஒரு முழு அளவு மாடல் தீர்த்து வைத்தது.

நீளம் கூடியது... உயரம் கூடவில்லை

இங்கேதான் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கு. ஒரு சின்ன பொருளை அப்படியே பெரிதாக்கினால் எல்லாம் ஒரே அளவில் பெருகாது. ஒரு கனசதுரப் பெட்டியின் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு மடங்காக்குங்கள். மேற்பரப்பு 4 மடங்காகும். கொள்ளளவு 8 மடங்காகும்.

அணைக்கும் இதே கதைதான். அணையின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால், ஒவ்வொரு அடி நீளத்திலும் தண்ணீர் தள்ளும் விசை அப்படியேதான் இருக்கும். ஆனா அணைக்குப் பின்னால் நிற்கும் தண்ணீரின் ஆழத்தை இரண்டு மடங்காக்கினால் அந்த விசை 4 மடங்காகும். அணையை அடியோடு கவிழ்க்கப் பார்க்கும் திருப்புவிசை 8 மடங்காகும். நீளத்தைக் கூட்டுவதில் பெரிய ஆபத்து இல்லை. ஆபத்து உயரத்தில்தான்.

1836-ல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே காட்டன் கட்டிய மேலணையைப் பாருங்கள். நீளம் சுமார் 2,250 அடி. கல்லணையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். உயரம் 5 முதல் 7 அடிதான். அதாவது கல்லணையில் பாதிகூட இல்லை. அதனால்தான் கல்லணையின் பாடம் இங்கேயும் செல்லுபடியானது.

கீழணை ஏன் வந்தது?

மேலணை தண்ணீரை காவிரிக்குத் திருப்பிவிட்டால், கொள்ளிடத்தையே நம்பியிருந்த கீழ்ப்பகுதி விவசாயி என்ன செய்வார்? வீராணம் ஏரிக்கு தண்ணீர் எங்கிருந்து வரும்?

அதனால்தான் சுமார் 100 கிலோமீட்டர் கீழே அணைக்கரையில் இன்னோர் அணை. கொள்ளிடத்தில் தப்பி வரும் தண்ணீரையும், வழியில் சேரும் தண்ணீரையும் இது மறுபடி பிடிக்கிறது. இங்கிருந்து வடவாறு வழியாக, சோழர் காலத்தில் வெட்டிய வீராணத்துக்கு தண்ணீர் போகிறது. ஓரிடத்தில் நல்லது செய்தால் இன்னோரிடத்தில் என்ன ஆகும் என்று யோசித்ததன் விளைவு கீழணை.

காவிரி கொடுத்த அதிர்ச்சி

அணைகள் நின்றன. ஆனா ஆறு வேறு கணக்கு போட்டது.

மேலணை வந்த பிறகு காவிரிக்குள் திடீரென்று அதிகத் தண்ணீர் பாய்ந்தது. தலைப்பில் இருந்த மணல் மேடு அரித்துப் போனது. அதோடு நிற்கவில்லை. காவிரியின் படுகையே ஆழமாகத் தொடங்கியது. இந்தப் பக்கம் கொள்ளிடத்தில், அணைக்கு மேலே மணல் சேர்ந்தது. முன்பு தண்ணீர் இல்லாமல் தவித்த காவிரிக்கு இப்போது தாங்க முடியாத வெள்ளம் வரும் ஆபத்து.

காட்டன் அந்த ஆண்டுகளில் உடல்நிலை சரியில்லாமல் நீண்ட விடுப்பில் ஆஸ்திரேலியா பக்கம் போயிருந்தார். 1841-ல் அவருக்கு டாஸ்மேனியாவில் திருமணமும் நடந்தது. இங்கே 1840-களில் மேலணையின் ஒரு பகுதி உயரத்தைக் குறைத்தார்கள். 1845-ல் காவிரியின் தலைப்பிலும் குறுக்கே ஓர் அணை கட்டினார்கள். அதற்கு அப்புறம்தான் இரண்டு ஆறுக்கும் இடையே பங்கீடு ஓரளவு நிலைத்தது.

கல்லணை ஓர் அணை எப்படி நிற்கும் என்று காட்டியது. ஆற்றின் பங்கீட்டையே மாற்றினால் படுகை என்ன செய்யும் என்று அது காட்டவில்லை. அந்தச் சோதனையை காவிரியிலேயே, டெல்டா மக்களின் வயல்களை வைத்தே செய்ய வேண்டியதாகிவிட்டது.

இன்றைக்கு இதை எப்படிச் செய்வார்கள்?

இந்தச் சோதனையைத் தொட்டிக்குள் செய்யும் வழி அடுத்த 50 ஆண்டுகளில் வந்தது. வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயர் 1870-களில் டார்க்கி நகரில் தொட்டி கட்டி, சின்ன கப்பல் மாடல்களை இழுத்துப் பார்த்தார். மாடல் எந்த வேகத்தில் போனால் பெரிய கப்பலைப் போலவே அலை எழுப்பும் என்று கணக்கு கண்டார். 1885-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் மான்செஸ்டரில் மெர்சி ஆற்றின் முகத்துவாரத்தையே ஒரு மைலுக்கு 2 அங்குலம் என்று சுருக்கி மாடல் செய்தார். ஆழத்தையும் அதே அளவு சுருக்கினால் தண்ணீர் வெறும் ஈரமாகத்தான் இருக்கும் என்பதால், ஆழத்தை மட்டும் குறைவாகச் சுருக்கினார்.

ஃப்ரூட் கணக்கை நம்ம கொள்ளிடத்துக்குப் போட்டுப் பார்ப்போம். அணையை 25-ல் ஒரு பங்காகச் சுருக்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேகம்: 25-ன் வர்க்கமூலம் 5. ஆக, மாடலில் தண்ணீர் 5-ல் ஒரு பங்கு வேகத்தில் ஓட வேண்டும்.

நேரம்: ஆற்றில் 5 மணி நேரம் நடக்கும் வெள்ளம், மாடலில் 1 மணி நேரத்தில் முடிந்துவிடும்.

தண்ணீர் அளவு: அகலம் 25-ல் ஒரு பங்கு, ஆழம் 25-ல் ஒரு பங்கு, வேகம் 5-ல் ஒரு பங்கு. மூன்றையும் பெருக்கினால் 3,125-ல் ஒரு பங்கு. ஆற்றில் 1 லட்சம் கன அடி என்றால் மாடலில் வெறும் 32 கன அடி. அதாவது நொடிக்கு சுமார் 900 லிட்டர்.

இதிலும் ஒரு வில்லங்கம் இருக்கு. தண்ணீரைச் சுருக்கலாம், மணலைச் சுருக்க முடியாது. அரை மில்லிமீட்டர் மணலை 25-ல் ஒரு பங்காக்கினால் அது மணலே இல்லை, வண்டல். அது மணல் மாதிரி உருளாது, தண்ணீரில் மிதந்து போய்விடும். அதனால்தான் படுகை அரிப்பைச் சொல்வது இன்றும் கஷ்டமான வேலை.

தமிழ்நாட்டில் இப்படி மாடல் சோதனை செய்ய, 1944-ல் திருவள்ளூர் பக்கம் பூண்டி ஏரியை ஒட்டி ஆய்வு நிலையம் தொடங்கினார்கள். காட்டன் கொள்ளிடத்தில் அணை கட்டி 108 ஆண்டுகள் கழித்து!

கோதாவரியில் என்ன செய்தார்?

விடுப்பு முடிந்து வந்த காட்டனை பஞ்சத்தில் அடிபட்டுக் கிடந்த கோதாவரி டெல்டா பக்கம் அனுப்பினார்கள். 1847-ல் தவளேஸ்வரத்தில் வேலை தொடங்கியது. 1852-ல் முடிந்தது. நான்கு பகுதிகளாக மொத்தம் சுமார் 12,000 அடி நீளம். கல்லணையைப் போல 11 மடங்கு. உயரம்? சுமார் 12 அடிதான்.

கோதாவரி சாதாரண ஆறு இல்லை. 1986 வெள்ளத்தில் அங்கே நொடிக்கு 30 லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் போனது. அப்படிப்பட்ட ஆற்றிலும் அதே வழிதான்: மணலில் கல்லைப் போட்டு நிற்க வைப்பது, நீளத்தில் தாராளம், உயரத்தில் கஞ்சத்தனம். கோதாவரி மாவட்ட மக்கள் இன்றும் அவருக்குச் சிலை வைத்து மாலை போடுகிறார்கள். பழைய அணைக்குப் பதிலாக வந்த புதிய அணைக்கும் அவர் பெயர்தான்.

கடைசி காலம்

1861-ல் சர் பட்டம் கிடைத்தது. ஓய்வு பெற்ற பிறகும் காட்டன் சும்மா இருக்கவில்லை. ரயில் பாதைக்குக் கொட்டும் பணத்தைக் கால்வாய்க்குக் கொடுங்கள், பாசனமும் ஆகும், படகும் போகும் என்று வாதாடிக்கொண்டே இருந்தார். இந்திய ஆறுகளைக் கால்வாய்களால் இணைக்கும் திட்டமும் சொன்னார். 1878-ல் பிரிட்டன் நாடாளுமன்றக் குழு அவரை விசாரித்தது. அவர் யோசனை எடுபடவில்லை. 1899 ஜூலையில், 96 வயதில் இங்கிலாந்தில் காலமானார்.

மேலணை என்ன ஆனது?

காட்டன் கட்டிய அணைகள் அப்படியே இன்றுவரை நிற்கவில்லை. பிற்காலத்தில் ஷட்டர் வைத்து, தூண் எழுப்பி, பல முறை மாற்றினார்கள். 2018 ஆகஸ்ட் 22-ம் தேதி இரவு, முக்கொம்பு மேலணையின் கொள்ளிடம் பகுதியில் 9 மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. அதன் பக்கத்திலேயே புதிய கதவணை கட்ட வேண்டி வந்தது.

மணலில் நிற்கும் அணைக்கு அடியில் தண்ணீர் எப்பவும் கசிந்துகொண்டே இருக்கும். கசிவோடு மணலும் வந்தால் அடி வெறுமையாகும். அதனால்தான் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளை என்ற பொறியாளர் ஒரு விதி வகுத்தார். கரடுமுரடான மணலில், ஒவ்வொரு அடி நீர் உயரத்துக்கும் கசிவு 12 அடி தூரமாவது அணைக்கு அடியில் சுற்றி வர வேண்டும். அணைக்குக் கீழே நீண்டு கிடக்கும் தளத்தில் மணல் அள்ளினாலோ, பள்ளம் விழுந்தாலோ இந்தத் தூரம் குறையும்.

இது முக்கொம்புக்கு மட்டுமான கணக்கு இல்லை, அணைக்கரைக்கும் சேர்த்துத்தான். கீழணைத் தண்ணீர் வீராணத்துக்குப் போகிறது. வீராணத்தில் இருந்து 2004 முதல் குழாய் வழியாகச் சென்னைக்கும் போகிறது. காட்டுமன்னார்கோவில் வயலும் சென்னைக் குடத்து நீரும் அந்த மணலையும் கல்லையும் நம்பித்தான் இருக்கின்றன.