இமயத்தில் நிலைத்த யாத்திரிகர்

ரஷ்ய ஓவியர் நிக்கோலஸ் ரோரிக் 1874-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். தந்தையின் விருப்பத்திற்காகச் சட்டமும், தம் உள்ளத்தின் நாட்டத்தால் ஓவியமும் ஒருசேரப் பயின்றார். 1901-இல் ஹெலீனாவை மணந்தார்; யூரி, ஸ்வெதஸ்லாவ் என இரு புதல்வர்கள் பிறந்தனர். 1923-இல் குடும்பத்தோடு பாரதம் வந்தார்.

1925-இல் காஷ்மீரிலிருந்து மத்திய ஆசியப் பயணத்தைத் தொடங்கினார். மனைவியும், மொழியறிஞரான மூத்த மகனும் உடன் சென்றனர். லடாக், அல்தாய், மங்கோலியா வழியே திபெத்தை அடைந்தவர்களை 1927-இல் அதிகாரிகள் தடுத்து நிறுத்தினர். கடுங்குளிரில், கோடைக்காலக் கூடாரங்களில் ஐந்து மாதங்கள் கழிந்தன. உடன்வந்தோரில் ஐவர் இறந்தனர். சுமை விலங்குகளில் பெரும்பாலானவை மடிந்தன. ஆயினும் அக்குடும்பம் மனந்தளரவில்லை. பயணக் குறிப்புகள் 1929-இல் நூலாக வெளிவந்தன.

1928-இல் குலு பள்ளத்தாக்கிலுள்ள நக்கரில் குடியேறினார். அங்கே மூலிகைகளையும் மொழிகளையும் ஆராய 'உருஸ்வதி' நிலையத்தை நிறுவினார். போர்க்காலத்திலும் கலைச்செல்வங்களைக் காக்க அவர் முயன்று உருவாக்கிய உடன்படிக்கை 1935-இல் வாஷிங்டனில் கையெழுத்தாயிற்று. முதுமையிலும் அவரது தூரிகையும் எழுதுகோலும் ஓயவில்லை.

தாயகம் திரும்பும் விருப்பம் நிறைவேறாமலேயே 1947 டிசம்பர் 13 அன்று நக்கரில் மறைந்தார். பத்தாண்டுகளுக்குப் பின், 1957-இல், யூரி தந்தையின் ஓவியங்களுடன் ரஷ்யா திரும்பினார். தந்தையால் கடக்க இயலாத எல்லையை அவரது பணி கடந்தது.